கோல்ஃப் ஆர்-க்கு டவுன்பைப்பும் ஸ்டேஜ் 2 மேப்பும்: டர்பனில் ஒரு கணக்கு, ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு கணக்கு

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது: 2015 ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் 7 ஆர், டி.எஸ்.ஜி. (தானாகக் கியர் மாற்றும்) கியர்பாக்ஸ், 1,12,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. கேட்டலிடிக் கன்வர்ட்டர் (நச்சு வாயுவைச் சுத்தப்படுத்தும் பாகம்) இல்லாத 3 இன்ச் டவுன்பைப் (டர்போவிலிருந்து வெளியே வரும் முதல் எக்ஸாஸ்ட் குழாய்), பின்னால் முழு எக்ஸாஸ்ட், மேலே ஸ்டேஜ் 2 மேப் (டவுன்பைப்புக்கு ஏற்ப மாற்றி எழுதிய இன்ஜின் சாஃப்ட்வேர்), எல்லாம் சேர்த்தால் 280 கிலோவாட் வரும் என்று கடையில் சொல்கிறார்கள். மாதம் இரண்டு தடவை வேலைக்காக என்3 நெடுஞ்சாலையில் ஜோகன்னஸ்பர்க் போய் வருகிறீர்கள். எந்தக் கம்பெனி பைப் நல்லது? கேள்வியின் கடைசி வரி பைப்பைப் பற்றி இருந்தாலும், அதற்கு முந்தைய வரிகளில் இருக்கும் கவலை வேறு. இந்தப் பணத்தைப் போட்டால் அந்த பவர் உண்மையிலேயே வருமா, வந்த பிறகு இதே வண்டியை நம்பி ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் மலையேற முடியுமா என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது. அதற்கே பதில் எழுதுகிறேன். பைப்பை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை நடுவில் சொல்லிவிடலாம், அது சின்ன விஷயம்.

முதலில் சுருக்கமாக. 95 ஆக்டேன் பெட்ரோலில், இந்த வண்டியில் உள்ள ஐ.எஸ்.38 மாடல் டர்போவை (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சாமான்) மாற்றாமல், டர்பனில் 255 முதல் 270 கிலோவாட் வரை எதிர்பார்க்கலாம். நமக்கு வந்த கோல்ஃப் 7 ஆர் கம்பெனியிலிருந்தே 206 கிலோவாட். ஐரோப்பாவில் அதே வண்டி 221. வெப்பநாடுகளுக்கு என்று குறைத்து அனுப்பினார்கள். அதனால் சாஃப்ட்வேர் மாற்றம் ஒன்றிலேயே நமக்குக் கிடைக்கும் தாவல் பெரிதாகத் தெரியும். 280 என்ற எண்ணை 98 ஆக்டேன் கிடைக்கும் ஊர்களில் எடுத்திருப்பார்கள். நம்முடைய பெட்ரோல் பங்குகளில் அது கிடையாது. 95-இல் ஒரு குளிர்ந்த காலையில் ஒரே ஒரு ஓட்டத்தில் அது வரலாம். டிசம்பர் மாதப் பகல் இரண்டு மணிக்கு வராது.

டர்போ இன்ஜினில் எக்ஸாஸ்ட் என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால் எதற்குப் பணம் போடுவது என்பது தெளிவாகும். டர்பைன் சுழல்வதற்கான சக்தி, அதற்கு முன்னால் உள்ள அழுத்தத்துக்கும் பின்னால் உள்ள அழுத்தத்துக்கும் இடையிலான விகிதத்திலிருந்து வருகிறது. பின்னால் அடைப்புக் குறைந்தால் அதே பூஸ்ட்டை (வெளிக்காற்றழுத்தத்துக்கு மேல் டர்போ கூட்டும் அழுத்தம்) எடுக்க டர்பைனுக்கு முன்னால் குறைந்த அழுத்தம் போதும். சிலிண்டருக்குள் பழைய சூடான வாயு குறைவாகத் தங்கும், அதனால் நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடிப்பது) குறையும், அதனால் இக்னிஷனை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, இரண்டு மூன்று டிகிரி முன்னால் தள்ள இடம் கிடைக்கும். பவர் அந்த டிகிரிகளில்தான் இருக்கிறது. இதில் பெரும் பங்கு டர்போவை விட்டு வெளியே வரும் முதல் அரை மீட்டருக்கு உரியது, அதாவது டவுன்பைப்புக்கும் அதற்குள் உட்கார்ந்திருக்கும் கேட்டுக்கும் (கேட்டலிடிக் கன்வர்ட்டர்). சாஃப்ட்வேருக்கு மேல் டவுன்பைப் கொடுப்பது வழக்கமாக 8 முதல் 15 கிலோவாட். அதற்குப் பின்னால் பம்பர் வரை போகும் சைலன்சர், குழாய் எல்லாவற்றையும் மாற்றினால் இந்த அளவு பவருக்கு 0 முதல் 5 வரைதான். பின்பகுதி எக்ஸாஸ்ட்டைச் சத்தத்துக்காக வாங்கலாம், தவறில்லை. பவருக்கென்று வாங்க வேண்டாம்.

இனி உங்கள் விஷயத்தில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் ஒன்று: ஊரின் உயரம். டர்பன் கடல் மட்டம், காற்றழுத்தம் ஏறத்தாழ 1.01 பார். ஜோகன்னஸ்பர்க் 1,750 மீட்டர் உயரம், அங்கே 0.82, 0.83 பார்தான். டர்பனில் மேப் 1.2 பார் பூஸ்ட் கேட்கிறது என்றால் இன்ஜினுக்குள் மொத்தமாக 2.2 பார் போகிறது. கம்ப்ரெஸர் காற்றை 2.2 மடங்கு அழுத்துகிறது. ஜோகன்னஸ்பர்க்கில் அதே 2.2 பாரை உள்ளே அனுப்ப வேண்டுமானால் பூஸ்ட் 1.4 பார் ஆக வேண்டும், விகிதம் 2.65-ஐத் தாண்டும். அதற்கு டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். முழுச் சுமையில் ஏற்கெனவே நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்றுகொண்டிருக்கும் சாமான் அது. டர்பனில் பிழைத்துக்கொண்ட டர்போ என்3 மேட்டுநிலத்துக்கு ஏறும் வான் ரீனன் கணவாய்க்கு மேலே உடைவதற்கு இதுதான் காரணம். ஓட்டுபவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, பவர் அதேதான் இருக்கும். ஷாஃப்ட்டுக்கு மட்டும் தெரியும்.

கம்பெனி மேப்பில் இதற்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. காற்றழுத்தம் குறையக் குறைய, கம்ப்ரெஸர் எத்தனை மடங்கு அழுத்தலாம் என்பதற்கு ஈ.சி.யு. (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஒரு உச்சவரம்பு வைத்திருக்கும். அதைத் தொட்டதும் பூஸ்ட்டைக் குறைத்துக்கொள்ளும். அவசரமாக எழுதிய மேப்புகளில் இந்த வரம்பை மொத்தமாகத் தூக்கிவிடுவார்கள், ஏனென்றால் அது இருந்தால் மேட்டுநிலத்து டைனோவில் (பவர் அளக்கும் கருவி) எண் அழகாக வராது. ஆகவே கடையில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: உயரத்துக்கான அழுத்த விகித வரம்பை எங்கே வைத்திருக்கிறீர்கள், 0.83 பார் காற்றில் எத்தனை பூஸ்ட் கேட்கும்? பதில் ஒரு எண்ணாக வர வேண்டும். உங்கள் டர்போவுக்கு, உங்கள் பாதைக்கு, நான் ஒப்புக்கொள்ளும் எண் ஜோகன்னஸ்பர்க்கில் உச்சத்தில் 1.2 பாருக்குள், 6,000 சுற்றுக்கு மேல் 1.0-க்குக் கீழே. அங்கே 10, 12 சதவீதம் பவர் குறையும், குறையட்டும். டர்போ இல்லாத வண்டிகள் அங்கே 17 சதவீதம் இழக்கின்றன.

ஐ.எஸ்.38 பற்றி இன்னொன்று. ஆரம்ப ஆண்டுகளில் வந்தவை கூடுதல் பூஸ்ட்டில் ஷாஃப்ட் உடைந்து போகின்றன என்பது இந்த வண்டி ஓட்டுபவர்களிடையே உலகம் முழுக்கப் பரவலான பேச்சு. உடைந்தவை நிறைய, அது நிச்சயம். தயாரிப்பில் குறையா, மேப்பில் பேராசையா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கும் என்பது என் கணிப்பு. 2015 வண்டி என்பதால் டர்போ ஹவுசிங்கில் உள்ள பார்ட் எண்ணின் கடைசி எழுத்தைப் பார்த்து அது பிந்தைய திருத்தமா என்று சரிபாருங்கள். காற்று உள்ளே வரும் பக்கத்துக் குழாயைக் கழற்றி, ஷாஃப்ட்டை விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இயல்பு. இறக்கை சுவரைத் தொட்டாலோ, முன்னும் பின்னும் நகர்ந்தாலோ அந்த டர்போவில் ஸ்டேஜ் 2 பேச்சே வேண்டாம்.

உயரம் வெப்பத்தையும் கொண்டுவருகிறது. 28 டிகிரி டர்பன் காற்றை 2.2 மடங்கு அழுத்தினால், கம்ப்ரெஸரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வெளியே வரும்போது 135 டிகிரிக்கு மேல் இருக்கும். 20 டிகிரி ஜோகன்னஸ்பர்க் காற்றை 2.65 மடங்கு அழுத்தினால் 155 டிகிரி. ஊர் குளிர்ச்சி, ஆனால் அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு வேலை அதிகம். போதாததற்கு அதைக் குளிர்விக்க வேண்டிய வெளிக்காற்றும் மெலிந்திருக்கிறது. ஆகவே உங்கள் பட்டியலில் பின்பகுதி எக்ஸாஸ்ட்டை எடுத்துவிட்டு அந்தப் பணத்துக்குப் பெரிய இன்டர்கூலர் போடுங்கள். கம்பெனி இன்டர்கூலர் ஒரு ஓட்டத்தைத் தாங்கும். மூன்றாவது ஓட்டத்தில் உள்காற்று வெளிக்காற்றைவிட 35, 40 டிகிரி சூடாகி, ஈ.சி.யு. இக்னிஷனைப் பின்னால் இழுத்து, சாஃப்ட்வேர் மட்டும் மாற்றிய ஸ்டேஜ் 1 வண்டியைவிட மெதுவாகப் போகும். இன்டர்கூலர் வாங்கும்போது உள்ளே உள்ள கோர் பெரிதா என்று மட்டும் பார்க்காமல், ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைக்கிறதா என்றும் பாருங்கள். கோடையில் டர்பனின் ஈரக்காற்றும் கொஞ்சம் பறித்துக்கொள்ளும்: 30 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் காற்றில் மூன்று சதவீதத்துக்கு மேல் நீராவிதான், அந்த அளவு ஆக்ஸிஜன் குறைவு. பதிலுக்கு ஈரம் நாக்கிங்கைச் சற்று அடக்கும், அதனால் அதை ஒரு பெரிய குறையாக நான் எண்ணுவதில்லை.

பெட்ரோல் விஷயத்தில் உள்நாட்டுக்குப் போகிறவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. மேட்டுநிலத்தில் 93 போதும் என்று சொல்வது டர்போ இல்லாத இன்ஜினுக்குச் சரி; மெலிந்த காற்றால் சிலிண்டர் அழுத்தம் குறைவு, நாக்கிங்கும் குறைவு. டர்போ அந்த அழுத்தத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறது, கூடவே அதிக வெப்பத்தையும். ஆகவே ஹாரிஸ்மித்தில் நிரப்பினாலும் ஜோகன்னஸ்பர்க்கில் நிரப்பினாலும் 95 மட்டும். 93-க்கென்று தனியாக ஒரு மேப் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சில சிறிய ஊர்களில் 95 தீர்ந்திருக்கும். கடையில் விற்கும் ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்களில் மாங்கனீஸ் கலந்தவை ஸ்பார்க் பிளக்கின் பீங்கானில் செங்கல் நிறப் படிவை விட்டுப்போகும். அது மின்சாரம் கடத்தும், மிஸ்ஃபயரில் கொண்டுவிடும். எத்தனால் கலப்பது நல்ல வழிதான், ஆனால் 30 சதவீதக் கலவைக்கு ஏறத்தாழ 10 முதல் 13 சதவீதம் அதிக எரிபொருள் தேவை. இந்த இன்ஜினில் கேம்ஷாஃப்ட்டால் ஓடும் உயர் அழுத்தப் பம்ப் ஏற்கெனவே எல்லைக்குப் பக்கத்தில் வேலை செய்யும். பம்ப் மாற்றாமல், மேப் மாற்றாமல் டாங்கில் எத்தனால் ஊற்றக்கூடாது.

இப்போது கேட்டலிடிக் கன்வர்ட்டர். அதை எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து, காரணங்கள் மூன்று. முதலாவது, கம்பெனி கேட்டை அகலமான 200 செல் (சதுர அங்குலத்துக்கு 200 துளைகள்) உலோகக் கேட்டாக மாற்றினாலே கிடைக்க வேண்டிய பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். கேட்டே இல்லாத பைப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இந்த டர்போவில் மூன்று நான்கு கிலோவாட்; இரண்டு டைனோக்களுக்கு இடையே உள்ள வித்தியாசமே அதைவிட அதிகம். இரண்டாவது, கார்பன் மோனாக்ஸைடு. கேட் இல்லாத வண்டி ஐடிலில் நிற்கும்போது அது நேராக வெளியே வரும். டவுன்பைப் ஜாயின்ட்டில் கசிவு இருந்தால் ஃபயர்வால் வழியாகக் கேபினுக்குள்ளும் வரும். நிறமும் மணமும் இல்லாத வாயு, பின்சீட்டில் குழந்தை தூங்கினால் யாருக்கும் தெரியாது. மூன்றாவது, கேட் இல்லை என்றால் அதற்குப் பின்னால் உள்ள சென்சார், கேட் வேலை செய்யவில்லை என்று பி0420 கோளாறுக் கோடு போடும், அதை மறைக்க சாஃப்ட்வேரில் அந்தக் கண்காணிப்பையே அணைப்பார்கள். அணைத்த பிறகு உண்மையான கோளாறு வந்தாலும் விளக்கு எரியாது. 200 செல் கேட்டிலும் சில வண்டிகளில் அந்தக் கோடு எப்போதாவது வரும். வந்தால் கேட் தரக்குறைவா, சென்சார் இடம் தவறா என்று பாருங்கள். சென்சாரை வெளியே தள்ளி வைக்கும் ஸ்பேசர்கள் விற்கிறார்கள். அவை சென்சாரை ஏமாற்றுவதற்கு, எதையும் சரிசெய்வதற்கு அல்ல.

பைப்பின் தரத்தைப் பிராண்ட் பெயரில் தேடாமல் கையில் எடுத்துப் பார்த்தே சொல்லிவிடலாம். கடற்கரையில் இருக்கிறீர்கள், உப்புக்காற்றுக்கு 304 ஸ்டெயின்லெஸ் வேண்டும், 409 இரண்டு வருடத்தில் பழுப்பாகும். ஆனால் 304 சூட்டில் அதிகம் நீளும்: ஒரு மீட்டர் குழாய் 500 டிகிரி ஏறினால் எட்டரை மில்லிமீட்டர். அந்த நீட்சியை வாங்கிக்கொள்ள உள்ளே உலோகப் பின்னல் உறை உள்ள ஃப்ளெக்ஸ் கட்டாயம் இருக்க வேண்டும். ஃப்ளெக்ஸ் இல்லாமல் நேர்க்குழாயாகச் செய்து தருபவர்கள் உண்டு. இன்ஜின் ஒவ்வொரு முறை ஆடும்போதும் அந்த விசை டர்போ ஃபிளேஞ்சில் போய்த் தங்கி, கடைசியில் அங்கேதான் வெடிப்பு விடும். சுவர் 1.5 மி.மீ., டிக் வெல்டிங், 308எல் கம்பி, வெல்டு செய்யும்போது குழாய்க்குள்ளும் ஆர்கான் விட்டிருக்க வேண்டும். விடாவிட்டால் உள்பக்கம் சர்க்கரை கருகியதுபோல் கரடுமுரடாக இருக்கும். குழாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், தெரியும். 76 மி.மீ. அளவு போதும், கம்பெனி 63 மி.மீ. பக்கத்துக் குழாயோடு ஒப்பிட்டால் உள்பரப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. எக்ஸாஸ்ட்டில் ஆக்ஸிஜனை அளக்கும் லாம்டா சென்சார் பொருத்தும் புஷ், படுக்கை மட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி மேல்நோக்கி இருக்க வேண்டும். கீழ்நோக்கி இருந்தால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது குழாயில் ஆவி குளிர்ந்து படிந்த நீர் சூடான பீங்கானில் பட்டு உடைத்துவிடும். இந்த இன்ஜினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டோடு சேர்ந்த வார்ப்பு, டர்போ நேராக ஹெட்டில் பூட்டியிருக்கிறது. முன் சென்சார் டர்போவை ஒட்டியே வருகிறது. அதற்கு முன்னால் ஜாயின்ட்டில் ஊசிமுனைக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, ஈ.சி.யு. பெட்ரோல் குறைவு என்று எண்ணி வீணாக ஊற்றும். பூட்டி முடித்து, 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு கிளாம்ப்பை ஒருமுறை மறுபடி முறுக்க வேண்டும். பழைய கேஸ்கெட்டை மீண்டும் போடக்கூடாது.

பின்பகுதியையும் மாற்றியே தீருவேன் என்றால் ஒரு எச்சரிக்கை. நடு ரெஸனேட்டரை எடுத்தால் 120 வேகத்தில், ஆறாவது கியரில், ஏறத்தாழ 2,700 சுற்றில் கேபினுக்குள் ஒரே தொனியில் முழங்கும். நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு அந்தச் சுற்றில் வெடிப்பு எண்ணிக்கை நொடிக்கு 90. என்3-இல் ஐந்து மணி நேரம் அந்த 90 ஹெர்ட்ஸைக் கேட்டுவிட்டு இறங்கினால் தலை கனக்கும். அதை அடக்க வழி உண்டு: ஒரு பக்கம் மூடிய கிளைக்குழாயைப் பக்கவாட்டில் வெல்டு செய்வது. 300 டிகிரி சூட்டு வாயுவில் ஒலியின் வேகம் நொடிக்கு 480 மீட்டர், அதை 90-ஆல் வகுத்து நான்கில் ஒரு பங்கு எடுத்தால் 1.33 மீட்டர் நீளம். வண்டிக்கு அடியில் அந்த இடம் கண்டுபிடிப்பது பாடு. ரெஸனேட்டரை அப்படியே விடுவது சுலபம். காலை நாலரைக்குக் கிளம்பும்போது அடுத்த வீட்டுச் சுவர் ஆறடி தூரத்தில் இருக்கும் தெருக்களில் வாழ்கிறோம், அதையும் கணக்கில் சேருங்கள்.

மேப் ஏற்றுவதற்கு முன் இன்ஜின் அதற்குத் தகுதியா என்று பார்க்க ஒரு நாள் ஒதுக்குங்கள். சூடான இன்ஜினில் கம்ப்ரெஷன் அளந்தால் நான்கு சிலிண்டருக்கும் இடையே 3 பாருக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. இருந்தால் லீக்-டவுன் (சிலிண்டருக்குள் காற்று விட்டுக் கசிவு பார்க்கும் சோதனை) செய்து வால்வா, ரிங்கா என்று கண்டுபிடியுங்கள். ஸ்பார்க் பிளக்கை ஒரு படி குளிர்ந்த வெப்பநிலை உள்ளதாக மாற்றி, இடைவெளியை 0.6 முதல் 0.65 மி.மீ.க்கு வையுங்கள், கம்பெனி இடைவெளியில் உயர் பூஸ்ட் தீப்பொறியை ஊதி அணைத்துவிடும், ஓட்டுபவர் அதைக் கியர்பாக்ஸ் குலுக்கல் என்று நினைப்பார். பிளக்கை 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள். இந்த இன்ஜினின் பிளாஸ்டிக் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் ஹவுசிங் கசிவது எல்லோரும் அறிந்ததே. 1,12,000 ஓடிய வண்டியில் இதுவரை மாற்றவில்லை என்றால் இப்போதே மாற்றிவிடுங்கள். மூயி ரிவர் ஏற்றத்தில் கூலண்ட் இல்லாமல் நின்றால் டவுன்பைப் விலையைப்போல் பல மடங்கு போகும். பி.சி.வி. வால்வு (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றுவது), கூலண்ட் கேப், இன்டர்கூலர் குழாய்களின் ரப்பர் ஓ-ரிங் எல்லாவற்றையும் புகை விட்டுச் சோதியுங்கள். ஆயில் கொள்ளளவு 5.7 லிட்டர். கம்பெனி சொல்லும் 15,000-ஐ மறந்துவிட்டு 7,500-க்கு ஒருமுறை, 502 00 அங்கீகாரம் உள்ள 5டபிள்யூ-40 போடுங்கள்.

கியர்பாக்ஸைப் பற்றிக் கடை ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லியிருக்க வேண்டும். உங்களுடையது ஆறு கியர் டி.கியூ.250, இன்ஜின் கம்பெனி நிலையில் கொடுக்கும் 380 நியூட்டன் மீட்டரே அதன் கணக்கில் எல்லைக்குப் பக்கம். ஸ்டேஜ் 2 மேப் 450-க்கு மேல் போகும். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிலும் கிளட்ச் அழுத்தத்தை உயர்த்தி மேப் போடாவிட்டால் மூன்றாவது, நான்காவது கியரில் கிளட்ச் வழுக்கும், எரிந்த தூள் ஆயிலில் கலந்து கியர்பாக்ஸை இயக்கும் மெக்கட்ரானிக் வால்வுகளை அடைக்கும். 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மேப்புக்கு முன் அதுதான். மேப்பில் டார்க் 3,000 சுற்றுக்குக் கீழே திடீரென்று ஏறாமல் சாய்வாக ஏறும்படி எழுதச் சொல்லுங்கள். கனெக்டிங் ராடுக்கும் அது நல்லது. பின்சக்கரங்களை இணைக்கும் ஹால்டெக்ஸ் கிளட்ச் பின் அச்சில் இருக்கிறது; அதன் பம்ப்பின் சல்லடை அடைபட்டால் பின்சக்கரத்துக்கு விசை போகாது, டாஷ்போர்டில் விளக்கும் எரியாது. வெறும் ஆயில் மாற்றினால் போதாது, பம்ப்பைக் கழற்றிச் சல்லடையைக் கழுவ வேண்டும்.

மேப் ஏற்றிய பிறகு டைனோ எண்ணைவிட லாக் (ஓடும்போது எடுக்கும் சென்சார் எண்களின் பதிவு) முக்கியம். மூன்றாவது கியரில் 2,000-இலிருந்து 6,500 வரை ஒரே இழுப்பு. அதை டைனோவிலோ, போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கத்து டெஸி ரேஸ்வே போன்ற இடத்திலோ செய்யுங்கள், பொதுச் சாலையில் வேண்டாம். பார்க்க வேண்டியவை இவை. ஒவ்வொரு சிலிண்டரிலும் நாக்கிங்குக்காக ஈ.சி.யு. பின்னால் இழுக்கும் டிகிரி: எப்போதாவது 2, 3 வந்தால் பரவாயில்லை, ஒரே சிலிண்டரில் திரும்பத் திரும்ப 4, 5 வந்தால் மேப் இந்தப் பெட்ரோலுக்கு அதிகம். உயர் அழுத்த எரிபொருள் ரயில்: கேட்கும் 200 பாருக்கும் கிடைப்பதற்கும் இடையே 20 பாருக்கு மேல் சரிவு கூடாது. லாம்டா (காற்று-பெட்ரோல் விகிதம், 1-க்குக் கீழே என்றால் பெட்ரோல் அதிகம்) முழுச் சுமையில் 0.80 முதல் 0.88. உள்காற்று ஒரு இழுப்பில் 20, 25 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது. கேட்ட பூஸ்ட்டும் கிடைத்த பூஸ்ட்டும் ஒட்டியே போக வேண்டும். கிடைப்பது குறைந்து வேஸ்ட்கேட் (டர்போவைத் தாண்டி வாயுவை விடும் கதவு) முழுக்க மூடியிருந்தால் எங்கோ கசிவு, அதோடு முழு மிதி மிதித்தால் டர்போ எல்லை மீறிச் சுழலும். இதே லாக்கை டர்பனில் ஒன்று, ஜோகன்னஸ்பர்க்கில் ஒன்று எடுத்து இரண்டையும் மேப் எழுதியவருக்கு அனுப்புங்கள். ஒன்றை மட்டும் பார்த்து எழுதிய மேப் உங்கள் வேலைக்கு அரைகுறை.

ஜோகன்னஸ்பர்க் டைனோவில் வரும் எண்ணைக் கண்டு மகிழ்வதற்கு முன் திருத்தக் கணக்கு போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். அளந்த பவரைக் கடல் மட்டத்துக் கணக்குக்கு மாற்றும் எஸ்.ஏ.ஈ. திருத்தம் டர்போ இல்லாத இன்ஜின்களுக்காக வகுத்தது; அந்த உயரத்தில் அது அளந்த எண்ணை 20 முதல் 25 சதவீதம் பெருக்கிக் காட்டும். உங்கள் டர்போ இழந்த காற்றைத் தானே ஈடுசெய்துவிடும்போது மறுபடி பெருக்குவது இல்லாத பவரைத் தாளில் அச்சடிப்பதாகும். கடை சொன்ன 280-இன் பிறப்பிடம் இதுவாகக்கூட இருக்கலாம். திருத்தாத எண், சக்கரத்தில் அளந்ததா ஃப்ளைவீலுக்குக் கணக்கிட்டதா, பூஸ்ட் கோடு, மூன்றையும் ஒரே தாளில் கேட்டு வாங்குங்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதே டைனோவில், அதே டயர் காற்றில் அளந்த வித்தியாசம் ஒன்றே நம்பத் தகுந்தது.

ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பட்பட்டென்று வெடிக்கும் சத்தத்தையும் மேப்பில் சேர்க்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். அந்தச் சத்தம் வருவது எப்படி என்றால், மிதியை விட்ட பிறகும் பெட்ரோலை ஊற்றி, இக்னிஷனை மிகவும் பின்னால் தள்ளி, எரிப்பை எக்ஸாஸ்ட்டுக்குள் நடக்கவிடுவார்கள். அந்தத் தீ டர்பைன் இறக்கையிலும் எக்ஸாஸ்ட் வால்விலும் கேட்டின் முகத்திலும் விழுகிறது. உலோகக் கேட் என்றாலும் சில மாதங்களில் அதன் பூச்சு போகும், தேன்கூடு அவிழும். காவடி எடுக்கும் நாளில் கோயில் தெருவில் இந்தச் சத்தத்தோடு போகும் வண்டிகளைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது, அலகு குத்தி நடந்து வருகிறவரின் காதுக்குப் பக்கத்தில் அது வெடிக்கிறது. சேர்க்க வேண்டாம்.

சட்டத்துக்கு வருவோம். 1996-ஆம் ஆண்டின் தேசிய சாலைப் போக்குவரத்துச் சட்டமும் அதன் விதிகளும் சைலன்சர் சரியாக வேலை செய்ய வேண்டும், வாயு கசியக்கூடாது என்று எதிர்பார்க்கின்றன. வண்டி கைமாறும்போது ரோட்வர்த்தி (சாலைத் தகுதி) சோதனை உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றங்களை எழுத்தில் தெரிவியுங்கள், டவுன்பைப், மேப், இன்டர்கூலர் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி. தெரிவிக்காமல் விபத்து நடந்தால் கோரிக்கையை மறுக்க அதுவே அவர்களுக்குப் போதும். சர்வீஸை வெளியில் செய்துகொள்ளும் உரிமையை 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள போட்டி ஆணைய வழிகாட்டுதல்கள் தந்திருக்கின்றன, ஆனால் மாற்றத்தால் வந்த சேதத்துக்கு வாரண்டி தரச் சொல்லவில்லை. உங்கள் வண்டிக்கு வாரண்டிக் காலம் எப்படியும் முடிந்துவிட்டது. டீலரிடம் இணைத்தால் மேப் மாறியிருப்பது டி.டி.1 என்ற குறியோடு அவர்கள் கணினியில் பதிவாகும், அது பிறகு போகாது.

கழற்றிய கம்பெனி டவுன்பைப்பைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். உள்ளே உள்ள பிளாட்டினம், பலேடியம், ரோடியத்துக்காக அதை வாங்க ஆள் தயாராக இருப்பார்கள், விலையும் ஆசை காட்டும். இரண்டு சென்சார் துளைகளையும் துணியால் அடைத்து, பழைய ஃபிளேஞ்ச் நட்டுகளையும் ஒரு பையில் போட்டு அதோடு கட்டி, வீட்டில் ஈரம் படாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை விற்கும் நாளில் அதுவும் கம்பெனி மேப்பின் பிரதியும் இல்லாவிட்டால் வாங்குபவர் விலையை எங்கிருந்து குறைக்கத் தொடங்குவார் என்று உங்களுக்கே தெரியும்.